ஒளித்து வைத்துக் காப்பாற்றிய வாரிசு: யோவாஸ் விவகாரம்

ஞாயிறு பள்ளியில் யூதாவின் ராஜா யோவாஸின் கதை முடிசூட்டு விழாவோடு முடிந்துவிடும். பொல்லாத பாட்டி, ஆலயத்தில் ஒளித்து வளர்த்த குழந்தை, 7 வயதில் கிரீடம், "ராஜா வாழ்க" என்ற ஆரவாரம். சரி, சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்களான பிறகும் நம்மில் பலர் 2 இராஜாக்கள் 11-ம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த அதிகாரத்தையும் 2 நாளாகமம் 24-ஐயும் சேர்த்துப் படித்தால் கதையின் முகமே மாறிவிடுகிறது. உயிர் பிழைத்த அதே குழந்தை வளர்ந்து, தன்னைக் காப்பாற்றியவனின் மகனை ஆலய முற்றத்திலேயே கல்லெறிந்து கொல்லக் கட்டளையிடுகிறான்.

யூதாவில் பட்டம் யாருக்கு என்ற போட்டி என்றாலே சாலொமோன், அதோனியா பெயர்கள்தான் பிரசங்கங்களில் வரும். அங்கே யார் வென்றாலும் ஆள்வது தாவீதின் மகன்தான். யோவாஸின் காலத்தில் நிலைமை அப்படி இல்லை. தாவீதின் வம்சம் நிலைத்திருக்கும் என்று கர்த்தர் கொடுத்த வாக்கு முழுவதும் ஒரு கைக்குழந்தையின் உயிரில் வந்து நின்றது. அந்த வாக்கு நிறைவேறியது. ஆனால் அதைச் சுமந்தவன் நல்லவனாக இருப்பான் என்று கர்த்தர் யாருக்கும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. வாரிசு பிழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காகவே இந்த விவகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சம்பந்தத்தில் வந்த வினை

எல்லாம் ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. யோசபாத் நல்ல ராஜா என்று பெயர் எடுத்தவன். சாலொமோனுக்குப் பிறகு இரண்டாகப் பிரிந்த தேசத்தில் தெற்கே யூதாவை அவனும், வடக்கே இஸ்ரவேலை ஆகாபும் ஆண்டார்கள். யோசபாத் ஆகாபோடு சம்பந்தம் செய்துகொண்டான். மகன் யோராமுக்கு ஆகாபின் மகள் அத்தாலியாள் மனைவியாக வந்தாள். எல்லைச் சண்டை ஓயும், படைக்குத் துணை கிடைக்கும் என்று பார்த்தால் அரசியல் கணக்கில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆகாபின் வீட்டார் கும்பிட்ட பாகால் என்ற தெய்வத்தின் வணக்கமும் மணப்பெண்ணோடு எருசலேமுக்கு வந்தது.

ராஜவம்சத்தை அழித்தவள் என்று அத்தாலியாளை மட்டும் கை காட்டுவது வழக்கம். உண்மையில் அந்தக் குடும்பத்தின்மேல் அவள் வைத்தது நான்காவது கத்தி. முதல் கத்தியை எடுத்தவன் அவள் கணவன் யோராம். தகப்பன் யோசபாத் மூத்தவனான அவனுக்கு ராஜ்யத்தைக் கொடுத்தான். மற்ற 6 மகன்களுக்கு வெள்ளியும் பொன்னும் அரணான பட்டணங்களும் கொடுத்து, பாகப்பிரிவினையைச் சுத்தமாக முடித்துவிட்டுத்தான் இறந்தான். யோராம் தன்னைப் பலப்படுத்திக்கொண்டதும் தம்பிகள் அத்தனை பேரையும் வெட்டினான். தாவீதின் வீட்டுக்குள்ளேயே, தாவீதின் சந்ததிக்குள்ளேயே நடந்த கொலை இது.

இரண்டாவது, பெலிஸ்தரும் அரபியரும் நடத்திய கொள்ளை. யோராமின் மகன்களில் கடைசிப் பையனைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. 8 வருஷம் ஆண்ட யோராம் குடல் நோயில் செத்தபோது வருந்துவதற்கும் ஆள் இல்லை என்று நாளாகமம் பதிவு செய்கிறது. மிஞ்சிய அந்தக் கடைசி மகன் அகசியா 22 வயதில் ராஜாவானான். ஒரே வருஷம். வடக்கே தாய்வழி உறவைப் பார்க்கப் போன இடத்தில், ஆகாபின் வீட்டுக்கு எதிராக எழும்பிய இஸ்ரவேல் படைத்தலைவன் யெகூவின் கலகத்தில் சிக்கி, காயத்தோடு மெகிதோவுக்கு ஓடி அங்கே இறந்தான். அவனுடைய உறவினர் 42 பேரையும் யெகூ வழியிலேயே பிடித்து வெட்டினான். இது மூன்றாவது. காலம் சுமார் கி.மு. 841.

வேதாகமத்துக்கு வெளியேயும் இந்த ரத்தத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. இஸ்ரேலின் வடகோடியில் உள்ள தெல் தான் அகழாய்வில் 1993-ல் ஓர் உடைந்த அராமியக் கல்வெட்டு கிடைத்தது. "தாவீதின் வீடு" என்ற சொல் அதில் இருக்கிறது. இஸ்ரவேல் ராஜாவையும் தாவீதின் வீட்டு ராஜாவையும் தான் கொன்றதாக ஓர் அராமிய ராஜா அதில் பெருமை பேசுகிறான். அவன் தமஸ்குவின் ஆசகேல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கொன்றது யெகூ என்கிறது வேதம், நான்தான் என்கிறது கல்வெட்டு. வெற்றிக் கல்லில் அடக்கத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த ஆசகேலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவான்.

பாட்டியும் அத்தையும்

மகன் இறந்த செய்தி வந்ததும் அத்தாலியாள் ராஜவம்சத்தாரை எல்லாம் கொன்றாள். சொந்தப் பேரப்பிள்ளைகளை! பைத்தியக்காரி என்று சொல்லிக் கடந்துபோனால் இந்த வழக்கு புரியாது. அவளுடைய இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறந்த வீடு அப்போதுதான் வேரோடு போயிருந்தது. ஆகாபின் மனைவி யேசபேலை ஜன்னலிலிருந்து தள்ளிக் கொன்றாயிற்று. சமாரியாவில் ஆகாபின் மகன்கள் 70 பேரின் தலைகளைக் கூடைகளில் வைத்து யெகூவுக்கு அனுப்பியாயிற்று. புகுந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் ராஜாவின் தாய் என்பது. யூதாவில் அது வெறும் மரியாதை இல்லை, பதவி. ஆசா ராஜா விக்கிரகம் காரணமாக மாகாளை அந்த இடத்திலிருந்து விலக்கினான் என்று படிக்கிறோமே, விலக்கக்கூடிய அளவுக்கு அது ஒரு பதவியாக இருந்திருக்கிறது. இப்போது பேரன் பட்டத்துக்கு வந்தால் ராஜமாதா யார்? பெயெர்செபாவிலிருந்து வந்த மருமகள் சிபியாள். மாமியார் ஓரமாக உட்கார வேண்டியதுதான். கொலைக்கு இது நியாயம் ஆகாது, ஆனால் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

அந்த நாளில் யோசேபாள் என்ற பெண் ஒரு காரியம் செய்தாள். அவள் யோராமின் மகள், இறந்த அகசியாவின் சகோதரி. குழந்தைக்கு அத்தை முறை. ஆசாரியன் யோய்தாவின் மனைவி என்று நாளாகமம் கூடுதலாகச் சொல்கிறது. ஒரு பக்கம் அரண்மனை, மறுபக்கம் ஆலயம், இரண்டுக்கும் போக வர உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது. கொல்லப்படுகிற ராஜகுமாரர்களின் நடுவிலிருந்து ஒரு வயதுகூட நிறையாத யோவாசை யாருக்கும் தெரியாமல் எடுத்தாள். அவனையும் அவனுடைய தாதியையும் படுக்கை அறையில் மறைத்தாள். தாதியின் பெயர் எங்கும் இல்லை. இவ்வளவு சிறிய குழந்தையைத் தாதி இல்லாமல் ஒளித்து வைக்க முடியாது. பசித்தால் அழும். அழுதால் எல்லாரும் செத்தார்கள். அவசரத்திலும் யோசேபாள் தாதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதில் பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஒருத்தியின் புத்தி தெரிகிறது.

பிறகு ஆலயத்துக்குள் 6 வருஷம். அத்தாலியாள் பாகாலின் கோவிலுக்குப் போகிறவள். கர்த்தருடைய ஆலயம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருந்தும் அவள் கண்ணுக்கு எட்டாத இடமாக இருந்திருக்க வேண்டும்.

விசுவாசத்தைப் பற்றி எனக்கு இந்த விவகாரம் சொல்லும் முதல் விஷயம் இங்கேதான் இருக்கிறது. 2 இராஜாக்கள் 11-ம் அதிகாரம் முழுவதிலும் கர்த்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. தீர்க்கதரிசி வரவில்லை. எலிசா உயிரோடு இருந்தான், ஆனால் அவன் வடக்கே. சொப்பனம் இல்லை, தூதன் இல்லை, அற்புதம் இல்லை. நாத்தான் தீர்க்கதரிசியின் வாயால் தாவீதுக்குச் சொன்ன, 100 வருஷத்துக்கும் மேல் பழமையான ஒரு வாக்கு மட்டும்தான் கையில் இருந்தது. "பயப்படாதே, குழந்தையை எடு" என்று யோசேபாளிடம் யாரும் சொல்லவில்லை. பழைய வார்த்தையை நம்பிப் புதிய ஆபத்தில் இறங்கினாள். எபிரெயர் 11-ம் அதிகாரத்தின் விசுவாசப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மோசேயை 3 மாதம் ஒளித்து வைத்த பெற்றோர் அதில் இருக்கிறார்கள். இவளும் அவள் கணவனும் ஒளித்தது 6 வருஷம்.

ஓய்வுநாள் காவல் மாற்றம்

யோய்தாவின் திட்டத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், பிரமிப்பாக இருக்கும். நூறுபேருக்கு அதிபதிகளை அழைக்கிறான். ஆலயத்தில் வைத்து ஆணை வாங்குகிறான். ஆணை வாங்கின பிறகுதான் ராஜகுமாரனைக் காட்டுகிறான். வரிசை முக்கியம். பிள்ளையை முதலில் காட்டிவிட்டு ஒருவன் பின்வாங்கினால் 6 வருஷமும் வீண்.

நாளையும் பார்த்துத்தான் எடுத்தான். காவலாளர் முறை மாறுவது ஓய்வுநாளில். அன்றைக்கு வேலைக்கு வருகிறவர்கள் வருவதும் முடித்தவர்கள் போவதும் யாருக்கும் சந்தேகம் தராத நடமாட்டம். வருகிறவர்களை மூன்றாகப் பிரித்து வாசல்களில் நிறுத்தினான். போக வேண்டியவர்களை அனுப்பவில்லை, அவர்களை ராஜாவைச் சுற்றிலும் ஆலயத்திலும் வைத்துக்கொண்டான். சந்தடி இல்லாமல் காவல் இரட்டிப்பானது. ஆயுதத்துக்கும் வெளியே போகவில்லை. ஆலயத்தில் காணிக்கையாக இருந்த தாவீதின் ஈட்டிகளையும் கேடகங்களையும் எடுத்துக் கொடுத்தான். தாவீதின் வாரிசைக் காக்கத் தாவீதின் ஈட்டிகள்.

பிள்ளையை வெளியே கொண்டு வந்து கிரீடத்தை வைத்தார்கள், சாட்சியின் ஆகமத்தைக் கொடுத்தார்கள், அபிஷேகம் செய்தார்கள், கைதட்டினார்கள். சத்தம் கேட்டு அத்தாலியாள் வந்தபோது பையன் முறைப்படி தூண் அருகே நிற்கிறான், பக்கத்தில் எக்காளம் ஊதுகிறவர்கள். அவள் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு "துரோகம், துரோகம்" என்று கத்தினாள். பேரப்பிள்ளைகளைக் கொன்றவள் வாயிலிருந்து! யோய்தாவின் உத்தரவு சுருக்கமானது: வெளியே கொண்டுபோங்கள், கர்த்தருடைய ஆலயத்தில் அவளைக் கொல்லக் கூடாது. குதிரைகள் அரண்மனைக்குள் போகும் வழியில் அவள் கதை முடிந்தது. மற்ற ராஜாக்களுக்கு எழுதுகிற வழக்கமான முன்னுரையும் முடிவுரையும் அவளுக்கு இல்லை. 6 வருஷம் ஆண்டவளை அந்த நூல் ராஜாக்களின் கணக்கில் சேர்க்க மறுக்கிறது.

ஆலயத்துக்குள் ரத்தம் சிந்தக் கூடாது என்ற யோய்தாவின் உத்தரவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் செய்யாமல் விட்டதிலும் அவனுடைய தரம் தெரிகிறது. படை அவன் கையில், மக்கள் அவன் பக்கம், ராஜாவோ 7 வயதுப் பையன், மனைவியோ ராஜகுமாரி. தானே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கர்த்தருக்கும் ராஜாவுக்கும் ஜனத்துக்கும் நடுவே ஓர் உடன்படிக்கை, ராஜாவுக்கும் ஜனத்துக்கும் நடுவே இன்னொன்று என்று இரண்டைச் செய்துவைத்தான். இரண்டாவதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. வம்சத்தில் பிறந்தவன் என்பதால் மட்டும் ஜனம் அடங்கிப் போக வேண்டியதில்லை, ராஜாவும் ஜனத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

பெட்டியில் போட்ட பணம்

யோய்தா போதித்த நாளெல்லாம் யோவாஸ் செம்மையானதைச் செய்தான் என்று 2 இராஜாக்கள் 12 சொல்கிறது. இதை வைத்து, இரவல் விசுவாசம், யோய்தா இருந்தவரை நல்லவன், போனதும் கெட்டவன் என்று ஒரே வரியில் முடித்துவிடும் பிரசங்கங்கள் ஏராளம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. காரணம் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

ஆலயத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்று ஆசை கொண்டவன் யோவாஸ்தான். அத்தாலியாளின் மகன்கள் அதைப் பாழாக்கி, பரிசுத்த பொருட்களைப் பாகாலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆசாரியர்கள் பணம் வாங்கினார்கள், வேலை நடக்கவில்லை. 23-ம் வருஷம் ஆகியும் நடக்கவில்லை. அப்போது ராஜாவுக்கு வயது 30. அவன் யோய்தாவையே கூப்பிட்டு, ஏன் இன்னும் பழுதுபார்க்கவில்லை என்று கேட்டான். உயிரைக் காப்பாற்றி, வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்த மனிதனை நேருக்கு நேர் கேட்கிறான். இவன் பொம்மை ராஜா இல்லை.

அப்புறம் ஒரு பெட்டி வந்தது. மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தின் பக்கத்தில், உள்ளே வருகிறவர்களுக்கு வலது கைப்புறம் வைத்தார்கள். நாளாகமம் வாசலுக்கு வெளியே என்கிறது. நிறைந்ததும் ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். அங்கிருந்து பணம் தச்சர், கொத்தர், கல்தச்சர் கைக்குப் போனது. வேலையை நடத்தினவர்களிடம் கணக்கே கேட்கவில்லை, அவ்வளவு நாணயமாக இருந்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. இப்படி ஒரு வரியை எந்தக் கட்டட நிதி அறிக்கையிலாவது நாம் எழுதத் துணிவோமா தெரியாது. (இந்தப் பழுதுபார்ப்பைப் பற்றி யோவாஸே பொறித்தது என்று ஒரு கல்வெட்டு 2000-க்குப் பிறகு வெளிவந்து பரபரப்பானது. இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம் அமைத்த குழு 2003-ல் அதைப் போலி என்றது.)

ஆக, யோவாசுக்கு வைராக்கியம் இருந்தது, நிர்வாகத் திறமையும் இருந்தது. அந்த வைராக்கியம் முழுவதும் எதன்மேல் இருந்தது என்பதுதான் என் கேள்வி. கட்டடத்தின்மேல் இருந்தது. தன்னை மறைத்து வைத்த சுவர்கள் அவை, பாசம் இயல்புதான். அந்தக் கட்டடத்துக்குள் குடியிருந்தவர் என்ன சொல்கிறார் என்று அவன் தானாக ஒருமுறையாவது கேட்டதாக இரண்டு நூல்களிலும் ஒரு வரி இல்லை. ஆலயத்துக்கு வெளியே ஜனங்கள் பலியிட்டு வந்த மேடைகளும் அப்படியே இருந்தன.

யோய்தாவுக்குப் பிறகு

யோய்தா 130 வயதில் இறந்தான். தாவீதின் நகரத்தில் ராஜாக்களோடு அவனை அடக்கம் செய்தார்கள். ஓர் ஆசாரியனுக்கு இது அசாதாரண மரியாதை.

அதற்குப் பிறகு யூதாவின் பிரபுக்கள் வந்து ராஜாவைப் பணிந்தார்கள். ராஜா அவர்கள் பேச்சைக் கேட்டான். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நாளாகமம் எழுதவில்லை, பணிந்தார்கள் என்பதை எழுதியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் தன்னை வழிநடத்துகிற ஒருவனின் கீழே இருந்தவனுக்கு, தன் கால்களுக்குக் கீழே ஆட்கள் குனிவது புதிய ருசியாக இருந்திருக்கும். ஆலயத்தை விட்டார்கள், தோப்பு விக்கிரகங்களைச் சேவித்தார்கள். எச்சரிக்கத் தீர்க்கதரிசிகள் வந்தார்கள், யாரும் காது கொடுக்கவில்லை.

கடைசியில் யோய்தாவின் மகன் சகரியா ஜனத்துக்கு எதிரே நின்று பேசினான். கர்த்தரை விட்டீர்கள், அவர் உங்களை விட்டார் என்றான். ராஜாவின் கட்டளைப்படி கர்த்தருடைய ஆலய முற்றத்தில் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். கொலைகாரியைக்கூட ஆலயத்தில் கொல்லக் கூடாது என்றவன் யோய்தா. அவன் மகனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஒளிந்து வளர்ந்த அந்தப் பையனும் யோய்தாவின் பிள்ளைகளும் ஒரே இடத்தில் வளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. சகரியா சாகும்போது சொன்னது: "கர்த்தர் அதைப் பார்ப்பார், அதைக் கேட்பார்." எபிரெய வேத வரிசையில் நாளாகமம்தான் கடைசி நூல். ஆபேலின் ரத்தம் முதல் சகரியாவின் ரத்தம் வரை என்று லூக்கா 11-ல் இயேசு சொல்வது வேதத்தின் முதல் கொலையிலிருந்து கடைசிக் கொலை வரை என்று பலர் விளக்குவது இதனால்தான்.

இராஜாக்களின் நூல் இந்தக் கொலையைச் சொல்வதே இல்லை. அதை மட்டும் படிப்பவருக்கு யோவாஸ் ஓரளவு நல்ல ராஜாவாகவே தெரிவான், ஊழியக்காரர் அவனை ஏன் கொன்றார்கள் என்பதும் விளங்காது. வாரிசுகளைப் பற்றித் தீர்ப்பு சொல்லும்போது இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைக்க வேண்டியிருப்பது இதற்காகத்தான்.

மிச்சம் வேகமாக நடந்தது. ஆசகேல் காத் பட்டணத்தைப் பிடித்துவிட்டு எருசலேமுக்கு முகத்தைத் திருப்பினான். ஆலயத்தில் பரிசுத்தமாக்கி வைத்த பொருட்களையும் பொன் முழுவதையும் யோவாஸ் எடுத்து அவனுக்கு அனுப்பினான். பழுதுபார்த்த கையே காலி செய்தது. சின்ன அராமியப் படை ஒன்றிடம் யூதாவின் பெரிய படை தோற்றது. காயத்தோடு படுக்கையில் கிடந்த ராஜாவை, யோய்தாவின் பிள்ளைகளின் ரத்தப்பழிக்காக அவனுடைய ஊழியக்காரரே கொன்றார்கள். 40 வருஷம் ஆண்டவன், வயது 47. தாவீதின் நகரத்தில்தான் அடக்கம், ஆனால் ராஜாக்களின் கல்லறையில் இடம் இல்லை என்கிறது நாளாகமம். ஆசாரியனுக்குக் கிடைத்த இடம் ராஜாவுக்குக் கிடைக்கவில்லை.

மத்தேயு தரும் இயேசுவின் வம்ச அட்டவணையிலும் யோராமிலிருந்து நேராக உசியாவுக்குப் போய்விடுகிறார்கள். அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரும் விடுபட்டிருக்கிறார்கள். ஏன் என்று மத்தேயு விளக்கவில்லை. 1 நாளாகமம் 3-ல் மூவரின் பெயரும் வரிசையாக இருக்கிறது. வம்சம் அவர்கள் வழியாகத்தான் போனது, அதை யாரும் மறுக்க முடியாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு யோய்தா தோற்றுவிட்டானா, தவறான பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. யோசேபாள் அன்று குழந்தையின் குணத்தைப் பார்த்துத் தூக்கவில்லை. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, அது ஒரு குழந்தை. கர்த்தர் சொன்ன வார்த்தை விழக் கூடாது என்பதற்காகவும், கொல்லப்படப் போகிற ஓர் உயிர் என்பதற்காகவும் தூக்கினாள். 40 வருஷம் கழித்து அவன் என்ன ஆனான் என்பதை வைத்து அந்த நாளின் விசுவாசத்துக்கு மார்க் போட முடியாது. அவன் செய்ததற்கு அவன்தான் பொறுப்பு. வேதம் யோய்தாவையோ யோசேபாளையோ ஓர் இடத்திலும் குறை சொல்லவில்லை.

யோவாசுக்குப் பிறகு அவன் மகன் அமத்சியா 25 வயதில் வந்தான். ராஜ்யம் கையில் உறுதிப்பட்டதும் தகப்பனைக் கொன்றவர்களைக் கொன்றான், ஆனால் கொலைகாரரின் பிள்ளைகளைத் தொடவில்லை. பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொல்லப்படக் கூடாது என்று மோசேயின் நியாயப்பிரமாண நூலில் எழுதியிருக்கிறபடியே அப்படிச் செய்தான் என்று 2 இராஜாக்கள் 14 காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. யோராம், யெகூ, அத்தாலியாள் என்று குடும்பம் குடும்பமாக வெட்டிச் சாய்த்தவர்களுக்குப் பின்னால், அந்தச் சட்டத்தை எடுத்துப் பார்த்துக் கையை நிறுத்திக்கொண்ட ராஜா இவன்தான். இவனும் பிறகு வழி தவறினான், சதியில் மாட்டி லாகீசில் கொல்லப்பட்டான். யூதாவின் ஜனங்கள் அவனுடைய 16 வயது மகன் அசரியாவைக் கொண்டு வந்து ராஜாவாக்கினார்கள். உசியா என்ற பெயரில் நாம் அதிகம் அறிந்த அவன் 52 வருஷம் ஆண்டான்.